இரண்டு பல் தள்ளி

மயிலாடியில் சத்தத்தை யாரும் சத்தமாக எடுத்துக்கொள்வதில்லை. விடிந்தால் கல் அறுக்கிற இயந்திரம், அது நின்றால் உளி, உளி ஓய்ந்தால் கம்பிரசர். அதனால் அன்று காலை முத்துக்கனி காரை ஸ்டார்ட் செய்தபோது, தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கியது போல என்ஜினிலிருந்து வந்த கடகடப்பு தெருவில் ஒருவர் காதிலும் ஏறவில்லை. குளித்துக்கொண்டிருந்த மருமகள் அஜிதாவின் காதில் மட்டும் ஏறியது.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மாமி, நிறுத்துங்க. சாவியத் திருப்புங்க, இப்பமே."

முத்துக்கனி திருப்பினாள். என்ஜின் அடங்கியது.

"என்ன மக்கா, அய்யாவக் கும்பிடப் பதிக்குப் போகாண்டாமா? நேரமாச்சுல்லா."

"சத்தம் கேக்கலியா?"

"நம்ம ஊர்ல எதத்தான் தனியா கேக்க முடியுது?"

அஜிதா நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிற இயந்திரங்களுக்கு நடுவே பகல் முழுக்க நிற்பவள். ஒரு பம்பு தன் வழக்கத்தை விட்டுக் கொஞ்சம் மாறிச் சுற்றினாலும் அவள் தலை தானாகத் திரும்பிவிடும். பிறந்த ஊர் குழித்துறை. மிக்சி, தையல் மெஷின், மாமனாரின் பழைய ஸ்கூட்டர் என்று வீட்டில் எது முரண்டு பிடித்தாலும் அவள் கையில்தான் வந்து சேரும். கழற்றிய பொருளைத் திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணிகூட மிஞ்சியதில்லை என்பதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு.

பானட்டைத் திறந்து, காதை ஒரு பக்கமாகச் சாய்த்து, இன்னொரு முறை மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். உடனே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"டைமிங் செயினாக்கும் மாமி. தொங்கிப்போச்சு."

மத்தியானம் ஊர் மெக்கானிக் ஜெபிஷ் வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொன்னான். ஆனால் அவனுடைய பட்டறையில் நிற்க இடமில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்களின் வண்டிகள் எல்லாம் அங்கே வரிசையில் கிடந்தன. "இது ஒரு மணிக்கூர் வேல இல்ல அக்கா. என்ஜினத் தொங்கவிட்டு ஒரு பக்கம் முழுசும் பிரிக்கணும். பொங்கல் கழிஞ்சு பாப்போம். அதுவரைக்கும் ஓட்டிராதீங்க. செயின் அறுந்துதுன்னா மொத்த என்ஜினும் போயிரும்."

முத்துக்கனி வீட்டை ஒட்டி மகன் சிலை செதுக்குகிற பட்டறையின் ஓரத்தில் கிடந்த கருங்கல் பாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய மகள் அஞ்சலி குவைத்தில் நர்ஸ். போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் போகும்போது முத்துக்கனிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கணவர் கிருஷ்ணமணி இறந்து, மகளும் விமானம் ஏறியபின் வீட்டில் பொழுது நகராமல் கிடந்த ஒரு நாளில், யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போது வயது ஐம்பத்துமூன்று. சொல்லிக் கொடுக்க வந்த பையன், "சித்தி, லைசென்ஸ் எதுக்கு, ஆதார் போல அடையாளத்துக்குக் காட்டவா?" என்று கேட்டான். மூன்றாம் மாதம் அவள் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூதப்பாண்டி வரை போய்த் திரும்பினாள். மகன் சுயம்புராஜ் பூதப்பாண்டியிலேயே ஒரு வாத்தியாரிடம் இருந்து இந்தப் பழைய சிவப்புக் காரை வாங்கிக் கொடுத்தான். இதெல்லாம் அஞ்சலிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று வீட்டிலும் தெருவிலும் ஒரு கட்டுப்பாடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் அவள் வந்து இறங்கும்போது, காரை ஓட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அவள் வாயடைத்துப் போவதை ஒரு வருஷமாக முத்துக்கனி மனசுக்குள் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடகை வண்டி பிடிச்சுக்கலாம்" என்றான் சுயம்புராஜ்.

"பிடிக்கலாம்" என்றாள் முத்துக்கனி. குரலில் ஒன்றுமே இல்லை.

அஜிதா திறந்து கிடந்த பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம மாத்துவோம் மாமி" என்றாள்.

முத்துக்கனி நிமிர்ந்தாள். "யாரு நாம?"

"நானும் நீங்களும்."

சுயம்புராஜ் சிரிப்பான் என்று அஜிதா எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் சிற்பி. ஒரு அடி தப்பினால் கல் போயிற்று என்கிற தொழிலில் இருக்கிறவன். "தெரியாம கை வெச்சா என்னாகும்?" என்று மட்டும் கேட்டான்.

"என்ஜின் போயிரும்."

"தெரியுமா உனக்கு?"

"எனக்கு அறியும். படிச்சுக்கிட்டுதான் தொடுவேன்."

அவன் பட்டறைக் கூரையை அண்ணாந்து பார்த்தான். அங்கே இரும்பு உத்தரத்தில் செயின் பிளாக் தொங்கியது. ஆள் உயரச் சிலைகளைத் தூக்கி லாரியில் ஏற்றுகிற கப்பி. "அப்போ என்ஜினத் தாங்குறதுக்கு அது போதும்லா" என்றான்.

அவ்வளவுதான் அவன் சம்மதம்.

ஜெபிஷ் நல்ல பையன். என்னென்ன வாங்க வேண்டும் என்று போனிலேயே சொல்லி, தன்னிடம் இருந்த பெரிய சாக்கெட்டுகளையும் கொடுத்துவிட்டான். செயின், அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் கைடுகள், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், பசை எல்லாம் நாகர்கோவிலில் கிடைத்தன. அஜிதா லீவு போட்டாள். காரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டறைக்குள், பாதி முகம் செதுக்கிய பிள்ளையாருக்கும் மூக்குக் கயிறு இன்னும் வராத நந்திக்கும் இடையில் நிறுத்தினார்கள்.

தொடங்கும் முன் முத்துக்கனி நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு வந்து, "அய்யா உண்டு" என்று சொல்லி, முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு கேட்டாள்: "இந்தச் செயினு என்னதான் செய்யுது? அத முதல்ல சொல்லு. தெரியாத வேலைக்கு நான் ஸ்பானர் எடுத்துத் தர மாட்டேன்."

அஜிதா தரையில் சாக்பீசால் வரைந்தாள். கீழே ஒரு சக்கரம், மேலே இரண்டு. "கீழ உள்ளது பிஸ்டனோட சேந்தது மாமி. பிஸ்டன் மேலயும் கீழயும் போகும். மேல உள்ள ரெண்டும் வால்வுகளத் திறந்து மூடும். பிஸ்டன் மேல வாற நேரத்துல வால்வு கீழ இறங்கி நிக்கப்பிடாது. நின்னா ரெண்டும் முட்டி வளைஞ்சிரும். யாரு எப்போ வரணும், யாரு எப்போ ஒதுங்கணும்னு சொல்லிக் கட்டி வெச்சிருக்கது இந்தச் செயினாக்கும்."

முத்துக்கனி குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"களியல் கம்பாட்டம் போல" என்றாள். "எதிர்ல நிக்கவன் கம்பு வாற நேரத்துக்கு நம்ம கம்பும் போகணும். ஒரு தாளம் தப்பினா விரல் முட்டிதான்."

"அதேதான்."

"அப்போ சரி. ஸ்பானர் எது வேணும்?"

முதல் பாதி விறுவிறுவென்று போயிற்று. பாட்டரி, குளிர்விக்கிற தண்ணீர், எண்ணெய், பெல்ட், பிளக்குகள். கழற்றிய போல்ட்டுகளை முத்துக்கனி இட்லித் தட்டுகளில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, எந்தத் தட்டு எந்த இடம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். என்ஜினின் மேல் மூடியைத் தூக்கியபோது வால்வுகளைத் திறந்து மூடுகிற இரண்டு கேம் தண்டுகளும் எண்ணெய் மினுமினுக்கப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. அஜிதா இதுவரை படத்தில் மட்டுமே பார்த்தது. கொஞ்ச நேரம் கையை வைக்காமலே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, என்ன?"

"ஒண்ணும் இல்ல மாமி. நல்லாயிருக்கு."

முத்துக்கனியும் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள். "இவ்வளவு நாளா இது மேலயா நான் தேங்கா மூடைய வெச்சுக்கிட்டுப் போனேன்?"

"தேங்கா டிக்கியிலதான வெச்சீங்க?"

"எல்லாம் ஒரு வண்டிதான."

பட்டறையில் வேலை செய்கிற ராஜமணி, சிலைகளைக் கட்டித் தூக்குகிற பட்டை வாரை என்ஜினைச் சுற்றிப் போட்டு செயின் பிளாக்கை மெல்ல இழுத்தார். கடகடவென்று கொக்கி மேலேறி, வார் விறைத்து, என்ஜின் தன் பாரத்தை அதனிடம் ஒப்படைத்தது. ஒரு பக்கத்துத் தாங்கியைக் கழற்றியபோது அது ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. "நாலு டன் நந்தியே நிக்குது" என்றார் ராஜமணி. "இது அதுக்குப் பூ."

பிறகுதான் அந்த போல்ட் வந்தது.

கீழ்ச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற பெரிய போல்ட். பதினைந்து வருஷமாக அதை யாரும் தொட்டதில்லை. அஜிதா தள்ளிப் பார்த்தாள். முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளிப் பார்த்தாள். சுயம்புராஜ் வந்தான். வண்டியை ஐந்தாம் கியரில் போட்டு, முத்துக்கனியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார்கள். அவன் இழுத்தான். கைப்பிடிதான் வளைந்தது. போல்ட் அசையவில்லை.

பிள்ளையார் சிலைக்குச் சாரம் கட்டியிருந்த இரும்புக் குழாயை ராஜமணி உருவிக்கொண்டு வந்து, வேறொரு தடித்த கைப்பிடியில் சொருகினார். ஆள் நீளக் குழாய். அதன் நுனியில் ஆண்கள் இருவரும் தொங்க, அஜிதா சாக்கெட் நழுவாமல் இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, மிதி. விட்டுராத" என்றான் சுயம்புராஜ்.

"நான் எப்பலே விட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கண்ணை மூடி, இரு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக முத்துக்கனி மிதித்துக்கொண்டிருந்தாள்.

குழாய் வளைந்தது. வண்டி ஒரு பக்கமாக முனகியது. திடீரென்று துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். ஆண்கள் இருவரும் தரையில் கிடந்தார்கள். போல்ட் உடைந்துவிட்டது என்றே அஜிதா நினைத்தாள். உடைந்த மிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டு இனி என்ன செய்ய முடியும்? சாக்கெட்டை மெல்லத் திருப்பினாள். அது வெண்ணெயில் கத்தி போல் திரும்பியது.

"கழந்துட்டு" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று மறுபடியும் சொன்னாள். "மாமி, கழந்துட்டு."

முத்துக்கனி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. "இப்போ விடலாமா?" என்று கேட்டாள்.

கீழே எண்ணெய்த் தட்டையும் பக்கவாட்டு மூடியையும் எடுத்தபோது வியாதி தெரிந்தது. செயின் மழைக்காலத்துத் துணிக்கொடி போலத் தொய்ந்து தொங்கியது. அதைத் தாங்கவேண்டிய கைடுகளில் ஒன்று நடுவில் முறிந்து, பாதியைக் காணவில்லை. எண்ணெய்த் தட்டின் அடியில் கருப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் மூன்று நாலு கிடந்தன.

"இதுதான் வியாதின்னா, மாத்திரலாம்லா?" என்றாள் முத்துக்கனி.

அஜிதா துண்டுகளைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து சுயம்புராஜ் பக்கத்தில் வந்து குந்தினான்.

"துண்டு எல்லாம் வந்துட்டான்னு தெரியணும் அத்தான். ஒண்ணு உள்ள நின்னு எண்ணெய் போற வழிய அடச்சுதுன்னா, புதுச் செயின் போட்டும் பிரயோஜனம் இல்ல."

"கொடு இங்க."

மெருகு போட்ட ஒரு வெள்ளைக் கல்லின் மேல் அவன் துண்டுகளை வைத்தான். உடைந்த மூக்குக்கும் விரலுக்கும் பொருத்தம் பார்த்துப் பழகிய கை. ஒவ்வொன்றையும் திருப்பி, முறிந்த வாயை விரலால் தடவி, பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினான். கைடு மெல்ல முழு உருவத்துக்கு வந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம்.

"இங்க ஒண்ணு இல்ல" என்றான்.

வடித்த எண்ணெயை எல்லாம் பழைய வேட்டியில் ஊற்றி வடிகட்டினார்கள். இல்லை. தட்டை வழித்துப் பார்த்தார்கள். இல்லை. பிறகு அஜிதா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் வாயில் இருந்த வலையில் டார்ச் அடித்தாள். வலையின் உள்மடிப்பில் ஏதோ கருப்பாக இருந்தது. எண்ணெய்க் கசடாக இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போதோ கழித்துப் போட்டு வீட்டுக்கு வந்த நீள மூக்கு இடுக்கியை முத்துக்கனி ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவையும். மூன்றாவது தடவை இடுக்கி எதையோ கவ்வியது. இழுக்காமல், திருகாமல், நோயாளியின் கையிலிருந்து ஊசி எடுக்கிற அதே பக்குவத்தில் வெளியே கொண்டுவந்தாள். எண்ணெய் சொட்டச் சொட்டக் கையை மட்டும் வண்டிக்கு வெளியே நீட்டினாள். சுயம்புராஜ் அதை வாங்கிக் கல்லின் மேல் அந்தப் பள்ளத்தில் வைத்தான். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

"சரியா இருக்கு" என்று அவன் சொன்னபோது வண்டிக்கு அடியில் படுத்தபடியே அஜிதா சிரித்துவிட்டாள். எண்ணெய் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை புதுச் செயினைப் பூட்டினார்கள். செயினில் மூன்று கண்ணிகள் மட்டும் நிறம் மாறி இருக்கும். மூன்று சக்கரங்களிலும் ஒவ்வொரு புள்ளி இருக்கும். கண்ணியும் புள்ளியும் நேருக்கு நேர் வர வேண்டும். கீழே ஒன்று சேர்ந்தது. மேலே ஒன்று சேர்ந்தது. கடைசிச் சக்கரம் வால்வு ஸ்பிரிங்குகளின் தள்ளலில் நிற்க மாட்டேன் என்று திமிறியது. "மாமி, சக்கரம் திரும்பாம இந்த ஸ்பானர இப்படியே பிடிச்சுக்கணும். அசையப்பிடாது" என்று அவளிடம் கொடுத்துவிட்டு, அஜிதா செயினைத் தூக்கிப் பல்லின் மேல் ஏற்றினாள்.

அந்த நேரத்தில்தான் நந்தியின் முதுகில் வைத்திருந்த போன் அடித்தது. திரையில் அஞ்சலியின் முகம்.

முத்துக்கனி தலையை மட்டும்தான் திருப்பினாள். அஜிதா செயினை உட்காரவைத்து, சாய்வாக எட்டிப் பார்த்து, நிறக் கண்ணி புள்ளிக்கு நேரே இருப்பது போலத் தெரிந்ததும், டென்ஷனரை அமுக்கி வைத்திருந்த ஊசியை உருவினாள். அது சடக்கென்று நீண்டு செயினை இறுக்கியது.

"இனி எடுங்க மாமி. இல்லன்னா பயந்துருவா."

முத்துக்கனி போனை எடுத்து, பின்னால் கார் தெரியாதபடி பிள்ளையாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, முகத்துல என்னது கரி?"

"பாத்திரம் தேய்ச்சேன் மக்கா. பொங்கல் வருதுல்லா."

"காது வரைக்குமா தேய்ச்ச? எதுக்குச் சிரிக்க?"

"நீ வாற இல்லியா, அதான்."

"நாளைக்கு அண்ணன அனுப்பு. நீ அலையாண்டாம், கேட்டியா?"

"நான் எதுக்கு அலையப் போறேன்" என்றாள் முத்துக்கனி. போனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அஜிதா கீழ்ச் சக்கரத்தைக் கையால் சுற்றத் தொடங்கியிருந்தாள். சாவி போடுமுன் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அரைச் சுற்று லேசாகப் போனது. இன்னும் கொஞ்சம். பிறகு நின்றது.

இறுக்கம் இல்லை. எதன் மீதோ மெல்ல முட்டி நின்றது போல.

அஜிதா கையை எடுத்துவிட்டாள்.

"என்னட்டி?"

"முட்டுது மாமி."

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாரேன்."

"அழுத்தப்பிடாது. அழுத்தினா வால்வு வளைஞ்சிரும். இதுதான் நான் சொன்னது."

பட்டறையில் உளிகள் ஒவ்வொன்றாக நின்றன. சுயம்புராஜ் எழுந்து வந்தான். அஜிதா சக்கரத்தை வந்த வழியே பின்னால் திருப்பி, பழைய இடத்தில் நிறுத்தினாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணை நேர் உயரத்துக்குக் கொண்டுவந்து கடைசிச் சக்கரத்தைப் பார்த்தாள். சாய்வாகப் பார்த்தபோது நேராகத் தெரிந்த கண்ணி, நேராகப் பார்த்தபோது தள்ளி நின்றது. ஒன்றல்ல, இரண்டு பல்.

"போன் அடிச்சப்போ கை தளந்துட்டு மக்கா" என்றாள் முத்துக்கனி. அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது. "சக்கரம் லேசா நழுவிச்சு. சொல்லணும்னு நினைச்சேன், நீ அதுக்குள்ள ஊசிய உருவிட்ட."

"நானும் நேரே நின்னு பாக்கல மாமி. சரின்னு நினைச்சுட்டேன்." அஜிதா தரையில் உட்கார்ந்தாள். ஆனால், அவளுக்கே ஆச்சரியமாக, உள்ளே ஒரு துள்ளல் இருந்தது. கையாலே கேட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். சாவியைப் போட்டிருந்தால் இந்த நேரம் எல்லாம் முடிந்திருக்கும். "ஒண்ணும் கெடல. கழத்தித் திரும்பப் போடுவோம்."

இம்முறை முத்துக்கனி போனை அணைத்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். ஸ்பானரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். அஜிதா ஸ்டூல் மேல் நின்று கண்ணியையும் புள்ளியையும் சேர்த்தாள். "நீங்களும் ஏறிப் பாருங்க" என்றாள். முத்துக்கனி ஏறிப் பார்த்தாள். சுயம்புராஜும் பார்த்தான். ராஜமணி வெற்றிலைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். நாலு பேரும் சரி என்ற பிறகுதான் ஊசி உருவப்பட்டது.

ஒரு சுற்று. முட்டிய இடம் வந்தது, தடையில்லாமல் கடந்து போனது. இரண்டாம் சுற்று. மூன்று புள்ளிகளும் சுற்றி வந்து தத்தம் இடத்தில் நின்றன.

"தாளம் சேந்துட்டு" என்றாள் முத்துக்கனி.

மூடிகளைப் பசை தடவிப் பூட்டி, அது இறுகக் காத்திருந்து, தாங்கியை மாட்டி, செயின் பிளாக்கை அவிழ்த்து, புது எண்ணெய் ஊற்றி முடித்தபோது வெயில் பட்டறையின் மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்திருந்தது. இட்லித் தட்டுகளில் ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. அஜிதா என்ஜினுக்குப் பெட்ரோல் போகாதபடி அதன் பம்பின் பியூசை எடுத்துவிட்டு, எண்ணெய் எல்லா இடமும் ஏறட்டும் என்று முதலில் வெறுமனே சுற்றவிட்டாள். பிறகு பியூசைப் போட்டாள். தெருவில் இருந்தும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ஜெபிஷும் வந்துவிட்டான்.

அஜிதா சாவியை மாமியாரிடம் நீட்டினாள்.

"நீயே போடு."

"உங்க வண்டி மாமி. நான் சத்தம் கேக்கணும்."

முத்துக்கனி உட்கார்ந்து திருப்பினாள். முதலில் ஒரு கடகடப்பு. எல்லோர் முகமும் விழுந்தது. அஜிதா கையை உயர்த்தினாள், நிறுத்தாதீர்கள் என்று. எண்ணெய் டென்ஷனருக்குள் ஏறியது. கடகடப்பு தேய்ந்து, காணாமலே போயிற்று. என்ஜின் தேனீக்கூடு போல ஒரே சீராக முனகிக்கொண்டு நின்றது. ஜெபிஷ் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். "அக்கா, பொங்கல் கழிஞ்சு எனக்கு ஒரு கை குறையுது. ஞாயித்துக்கிழம மட்டும் வந்தா போதும்" என்றான். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அஜிதாவும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாப்போம்" என்றாள். சொல்லும்போதே அவள் போவாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் புறப்பட்டார்கள். ஓட்டியது முத்துக்கனி. பக்கத்தில் அஜிதா, பின்னால் சுயம்புராஜ். தக்கலை தாண்டும் வரை அஜிதா என்ஜின் சத்தத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. குழித்துறைப் பாலத்தில் ஆற்றின் மேல் பனி கிடந்தது. அங்கே வந்தபோதுதான் அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அஞ்சலி தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதாள், மைனி அஜிதாவைக் கட்டிப்பிடித்து அழுதாள், அண்ணன் தோளில் அடித்தாள். பெட்டிகளை ஏற்றியானதும் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"டிரைவர் எங்க அண்ணா? டீ குடிக்கப் போயாச்சா?"

முத்துக்கனி முன்பக்கம் சுற்றிப் போய், கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டாள்.

"அம்மா, வெளாட்டு காட்டாத. எறங்கு. போலீஸ் நிக்கு."

என்ஜின் ஸ்டார்ட் ஆனது. கண்ணாடியைச் சரிசெய்து, இண்டிகேட்டர் போட்டு, விமான நிலையத்து நெரிசலில் கிடைத்த இடைவெளியில் முத்துக்கனி காரை நுழைத்தாள். பின் இருக்கையில் அஞ்சலியின் வாய் திறந்தபடியே இருந்தது. ஜன்னலுக்கு மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நெய்யாற்றின்கரை வரை அந்தப் பிடி தளரவில்லை. அதற்குள் சுயம்புராஜ் போல்ட் கதையையும் துண்டு தேடிய கதையையும் சொல்லிக்கொண்டு வந்தான். இரண்டு பல் தள்ளிப்போனதை முத்துக்கனியே சொன்னாள். "நீ போன் போட்டதாலதான்" என்று பழியையும் மகள் மேலேயே போட்டாள். அஞ்சலி கேட்கக் கேட்க ஒரு கையை விட்டாள், பிறகு இன்னொரு கையையும் விட்டுவிட்டு முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டாள்.

களியக்காவிளை தாண்டி, பாறை ஏற்றிய ஒரு லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ரோடு வெறிச்சென்று கிடந்தது.

"அம்மா" என்றாள் அஞ்சலி, மெதுவாக. "இவன் பின்னாலயேவா வீடு வரைக்கும் போகப் போற?"

முத்துக்கனி மருமகளைப் பார்த்தாள். அஜிதா எட்டி எதிர் ரோட்டைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். முத்துக்கனி கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள்.